மாம்பழப் பெட்டிக்குள் ஒரு பொட்டலம்

சென்ற மாம்பழப் பருவத்தில், ஒரு சனிக்கிழமை காலை, முதலமடையிலிருந்து பாலக்காடு போகும் வழியில் நடந்தது இது. நான் எங்கள் பகுதிப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. வியாபாரத்தைப் புத்தகத்தில் படித்தால் போதுமா, செய்து பார்க்க வேண்டாமா என்று பிளஸ் ஒன் பிள்ளைகளைக் கிளப்பிவிட்டதே நான்தான். என் வாய் சும்மா இருக்காது.

அப்படிக் கிளம்பியவர்களில் ஒருத்தி படு சுறுசுறுப்பு. அவளுடைய அப்பா மாங்காய் மண்டி வைத்திருப்பவர். சீக்கிரம் பழுக்க வேண்டும் என்று சில மண்டிகளில் கார்பைடு கல்லைத் தாளில் பொட்டலம் கட்டிக் காய்களுக்கு நடுவே செருகிவிடுவார்கள். உடம்புக்குக் கேடு, சட்டப்படி குற்றமும்கூட. அவள் அப்பாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். மகளோ வைக்கோலில் பழுக்க வைத்து, ‘கல் வைக்காத பழம்’ என்று பெட்டிமேல் எழுதி விற்கப்போவதாகச் சொன்னாள். கல் வைக்காமல் ஒரு வியாபாரமா என்று அப்பா சிரித்தாராம். ஆனாலும் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். பாலக்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேசி, முதல் ஆர்டரையும் அவளே பிடித்துவிட்டாள்.

பெட்டிகள் சரக்கு ஆட்டோவில் முன்னே போக, நானும் அவளும் என் ஸ்கூட்டரில் பின்னால் போனோம். கொல்லங்கோடு தாண்டியதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆட்டோவை ஓரங்கட்டச் சொன்னார்கள். மாம்பழ வண்டி என்றால் சோதனை போடுவது வழக்கம்தான். நமக்கென்ன பயம் என்று கெத்தாக இறங்கி, இவளுடைய டீச்சர் நான் என்று அறிமுகமும் செய்துகொண்டேன். அதிகாரி முதல் பெட்டியைத் திறந்து வைக்கோலை விலக்கினார். உள்ளே ஒரு சிறு பொட்டலம். பிரித்தால், வெளிறிய சாம்பல் நிறத்தில் தூள்.

அடுத்த பெட்டியிலும் ஒன்று இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. அதிகாரி பெட்டிமேல் எழுதியிருந்ததை விரலால் தட்டிக் காட்டி, “இதெந்தா டீச்சரே?” என்று மலையாளத்தில் கேட்டார். ஆள் கூடிவிட்டது. ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார். பழத்தை அழிப்பார்கள், வழக்குப் போடுவார்கள், இவள் முகம் ஊரெல்லாம் சுற்றும். படிக்கிற பெண்ணை நானே நடுரோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். அவள் முகம் வெளுத்துப்போய் அந்தப் பொட்டலத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

சின்னப் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டாள், பழத்தை எடுத்துக்கொண்டு இவளை விட்டுவிடுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்ச ஆரம்பித்தேன். அவள் குறுக்கே வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“தண்ணி ஊத்திப் பாருங்க சார். கல்லா இருந்தாப் பொங்கும். பொங்குச்சுன்னா அத்தன பழத்தையும் குழியில போட்டுருங்க. பெட்டில எழுதுனது நானுங்க, டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுங்க.”

கார்பைடில் தண்ணீர் பட்டால் நுரைத்துப் பொங்கும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். அதிகாரி தூளைத் தட்டில் கொட்டித் தண்ணீர் விட்டார். பொங்கவில்லை. குழைந்து சேறானது, அவ்வளவுதான். அவர் குனிந்து மோந்து பார்த்தார். சந்தேகத்தோடு மறுபடியும் மோந்தார். “இது பஸ்மமல்லே?” என்றார். எனக்கும் அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பழனி விபூதி.

அவள் தன் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் சாவகாசமாகச் சொன்னார்: “மொத யாவாரமாச்சே அம்மிணி. பழனில வாங்குனது இருந்துச்சு, பொட்டிக்கு ஒண்ணு வெச்சேன். சொன்னா நீ வெக்க உடமாட்டே.”

அதிகாரி சிரித்துவிட்டார். முறைப்படி ஒரு பொட்டலத்தையும் சில பழங்களையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, இனிமேல் பழத்தோடு எதையும் வைக்கக்கூடாது என்று கண்டித்து அனுப்பினார். மீதிப் பொட்டலங்களை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் ஆட்டோவைக் கிளப்பினோம்.

ஆட்டோ நகர்ந்ததும் அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நல்லபடியாக முடிந்ததற்கு எதற்கு அழுகை, உன் பழத்தின்மேல் உனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

“நம்பிக்கையெல்லாம் இல்லீங்க டீச்சர். மடிப்பப் பாத்ததுமே எங்கப்பா கட்டுன பொட்டலம்னு தெரிஞ்சுபோச்சு. கல்லுதான்னு நெனச்சுத்தானுங்க தண்ணி ஊத்தச் சொன்னேன். அப்பாகிட்டச் சொல்லிராதீங்க.”

நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சரக்கு சுத்தம் என்று தெரிந்திருந்தால் நானும்தான் தைரியமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பேன்; மோசம் என்று நினைத்துக்கொண்டே பாட்டிலை நீட்டிய அந்தக் கையை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.