ஞாயிற்றுக்கிழமைக் கட்டைவிரல்

பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என்பது, பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சாமியை நம்பும் தொழில். தென்காசியில் நான் அதைத்தான் செய்கிறேன். டீச்சர், நர்ஸ், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள் என்று என்னிடம் வருகிற எல்லாருக்கும் சனி, ஞாயிறு காலைதான் ஒழியும். எனக்கோ அந்த இரண்டு காலையும்தான் போர்வைக்குள் போனைத் தள்ளிக்கொண்டே கிடக்கத் தோன்றும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேரும் இப்போது போர்வைக்குள்தான் இருப்பீர்கள். அப்படியே படுத்துக்கொண்டு படியுங்கள், நமக்குள் என்ன மரியாதை!

வழியில் ஒரு மீன் குழம்பு

அலாரத்தை நிறுத்தத்தான் போனை எடுப்பேன். சத்தியமாக அதற்குத்தான். எடுத்த கையோடு யாரோ ஒருத்தர் கிளிக்குப் பப்பாளி ஊட்டுவார். அதற்குக் கீழே மாமியார் மருமகள் சண்டை. அதற்கும் கீழே ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஆடுவார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆடி முடிக்கும்வரை விடமாட்டேன். நடுவில் போன் மணி அடித்தால், படத்தை மறைக்கிறதே என்று மேலே தள்ளிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித் தள்ளியது இலஞ்சியில் கணக்கு டீச்சராக இருக்கும் பொன்னியின் அழைப்பை. 'வந்துகிட்டே இருக்கேன்' என்று அவளுக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டு, நிம்மதியாகப் புரண்டு படுத்தேன். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தோப்போரம் உட்கார்ந்திருந்தாள். வழியில் லாரி மறித்துவிட்டது என்று ஆரம்பித்தேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டு சொன்னாள்: "அதெல்லாம் சரிக்கா. வண்டிய ஓட்டிக்கிட்டே என் தங்கச்சி வச்ச மீன் கொழம்புக்கு எப்படி ஹார்ட் போட்டீங்க?"

மலையில் இருக்கும் மகான்

அந்த அவமானத்தில், இந்தப் பழக்கத்தை விட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். எப்படி விடுவது என்று போனில்தான் தேடினேன். தாடி வைத்த ஒருவர் மலை உச்சியில் உட்கார்ந்து, "போனைக் கீழே வையுங்கள், வாழ்க்கையைக் கையில் எடுங்கள்" என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார். முதல் பாகம் முடிந்ததும் இரண்டாம் பாகம் தானாக வந்தது. சனிக்கிழமை காலை முழுக்க அவரோடு போயிற்று.

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீசியன். வேலைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார், மதியம் சோற்றுக்கு வந்தபோதும் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏட்டி, அவன் சொல்லுத மாதிரி எல்லாரும் போனைக் கீழ வச்சிட்டா, அவன் வீடியோவ எவன் பாப்பான்?"

நாற்று நட்ட கதை

பேச்சியம்மாள் அச்சன்புதூர்க்காரி. புருஷன் பட்டாளத்தில் இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோவுக்குக் காத்துக் கிடக்கவேண்டியிருக்கிறதே என்றுதான் வண்டி பழக வந்தாள். ஆறு மணிக்கு வரச்சொன்னால் அதற்கு முன்பே வந்து நிற்பாள்.

நான் வழக்கம்போல எட்டுக்குப் போனேன். அது குற்றால சீசன். ஆறு மணிக்கு நாய் மட்டும் படுத்திருக்கும் இலஞ்சி ரோட்டில், எட்டு மணிக்கு ஊர்ப்பட்ட கார்கள். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற கூட்டம் ஒன்று வேனில் வந்து, பின்னால் நின்று ஹாரனை அமுக்கியது. பேச்சி பதறிப்போனாள். பிரேக்கைப் பிடிக்கவேண்டியவள் ஆக்சிலேட்டரைத் திருகினாள். வண்டி, அவள், நான் மூவரும் ஒன்றாக நடவு வயலில் இறங்கினோம். அடி ஒன்றும் இல்லை, சேறுதான் காது வரை. வேன் நின்றது. தூக்கிவிட வருவார்கள் என்று கையை நீட்டினேன். ஜன்னல் ஜன்னலாகப் போன்கள்தான் நீண்டன. பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "யக்கா, ஆறு மணிக்கே வந்திருந்தா, விழுததையாவது யாரும் பாக்காம விழுந்திருக்கலாம்லா!"

பட்டாளத்து உத்தரவு

அடுத்த சனிக்கிழமை போர்வைக்குள் விரல் தள்ளிக்கொண்டிருந்தபோது, சேற்றில் இருவர் புரள்வது தெரிந்தது. சிரித்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். பிறகுதான் அந்தச் சேலை என்னுடையது என்று உறைத்து, திரும்பி வந்தேன். 'ஸ்கூட்டரில் வந்து நாற்று நடும் அக்காக்கள்' என்று தலைப்பு. கீழே ஆயிரம் சிரிப்பு. அதில் ஒன்று நான் சற்றுமுன் போட்டது.

பேச்சி அன்றைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அச்சன்புதூருக்கே போனேன். வீடியோ அவள் புருஷன் கண்ணிலும் பட்டு, "வண்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம். அப்போதே அவரை வீடியோ காலில் கூப்பிடச் சொன்னேன். "தம்பி, தப்பு ஒங்க பொண்டாட்டி மேல இல்ல. நான் படுத்துக்கிட்டுப் போனைப் பாத்துட்டு லேட்டா வந்தேன். அதான் கூட்டத்துல மாட்டிக்கிட்டோம்" என்றேன். அவர் மூஞ்சி இளகவில்லை. "ஊரே சிரிக்குதுக்கா" என்றார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சி, என் கையிலிருந்து போனை வாங்கினாள். "நான் விழுந்தத ஊரே பாத்தாச்சு. இனிமே ஓட்டுததையும் பாக்கட்டும்!"

ஒரே ஒரு குறை

அன்று சாயங்காலமே தென்காசி பஜாரில் கடிகாரக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, மணி அடிக்கிற கடிகாரம் ஒண்ணு வேணும்."

"போன்ல அலாரம் இருக்குமே?"

"இருக்கு. அதான் வேண்டாம்ங்கேன்."

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றை எடுத்து முடுக்கி, அடிக்கவிட்டுக் காட்டினார். தெருவே திரும்பிப் பார்த்தது. "உழைக்குமா?" என்றேன். அவர் கல்லாவில் ஓடிக்கொண்டிருந்த தன் போனில் ஒரு கண்ணை வைத்தபடி சொன்னார்: "நல்லா உழைக்கும். ஒரே ஒரு குறைதான், இதுல மணிய மட்டுந்தான் பாக்கமுடியும்."

வெறுங்கை

சனி, ஞாயிறில் போன் அடுப்படியிலேயே கிடக்கட்டும் என்று வைத்தேன். முதல் வாரம் கட்டைவிரல் சும்மா இருக்கவில்லை. போர்வையைத் தள்ளியது, தலையணையைத் தள்ளியது. எரிச்சலில் வீட்டுக்காரரோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன். இருந்தாலும் ஆறு மணிக்கு ரோட்டில் நின்றேன். அடுத்த வாரமும் நின்றேன். சில வாரம் கழித்துச் சண்டையும் குறைந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சி, "யக்கா, நீங்க காலைக் கீழ ஊணாம சும்மா உக்காருங்க" என்று சொல்லி வண்டியை எடுத்தாள். சாரல் முகத்தில் அடித்தது. இலஞ்சியில் எடுத்த வண்டியைக் குற்றாலத்தில்தான் நிறுத்தினாள், நடுவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழியும் விட்டாள். இறங்கியதும் தலைக்கவசத்தைக் கழற்றி, தலையைக் கோதி, வண்டியில் சாய்ந்து நின்றாள். "ம், எடுங்க" என்றாள். நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். அவள் முகம் தொங்கிப்போனது. "நல்லா ஓட்டுன அன்னைக்குப் பாத்தா போனை வீட்ல வச்சிட்டு வந்தீங்க?"

சனி, ஞாயிறு காலையில் உலகத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு இப்போது ஒன்றுமே தெரிவதில்லை. நான் மேற்பார்வை பார்க்காவிட்டாலும் உலகம் எப்படியோ திங்கட்கிழமை வரை வந்து சேர்ந்துவிடுகிறது.