இல்லன்னு சொல்லத் தெரியாத புரோக்கர்

என்னைப் பத்தி நானே சொல்லிடறேன். அடுத்தவங்க சொன்னா இன்னும் கேவலமா இருக்கும். பேரு தினகரன். காந்தி ரோட்டுல ஒரு பட்டுக்கடை கவுண்டர்ல நின்னு நின்னே தலை நரைச்சவன். எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. கஸ்டமர் எதைக் கேட்டாலும் ‘இல்ல’ன்னு சொல்லக் கூடாது, சொன்னா லட்சுமி படியிறங்கிப் போயிடுவாளாம். கத்திரிப்பூ கலர் கேப்பாங்க, ஸ்டாக் இருக்காது. ‘இருக்குதுமா’ன்னு சொல்லிக்கினே வெங்காயக் கலரை எடுத்து விரிக்கணும். இந்த வித்தையில என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்ல பொண்டாட்டி சர்க்கரை இருக்குதான்னு கேட்டாலும் இருக்குதுன்னுதான் வாயில வரும். அப்புறம் டப்பாவைத் திறந்து பார்த்துட்டுத் திட்டுவா.

கடையை விட்டது ரோஷத்துல. மொதலாளி பையன் போன்ல லைவ் போட்டுப் புடவை விக்க ஆரம்பிச்சான். நான் ஓரமா நின்னு முந்தானையைத் தூக்கிப் பிடிக்கணும். கை மட்டும் தெரியணும், என் மூஞ்சி தெரிஞ்சா வியாபாரம் கெட்டுடுமாம். போடா நீயும் உன் லைவும்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, வாயால ‘சரிங்க தம்பி’ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வாய்தான் நமக்குச் சொத்து, அதை வெச்சு நிலம் விப்போம்னு முடிவு பண்ணேன். எந்த ஆபீஸ்ல சேர்றதுங்கறதுதான் பாக்கி.

மொதல்ல ரேணுகாம்பாள்னு ஒரு நிலப் புரோக்கரம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால ஒரே ரூம், இருமிக்கினே சுத்துற ஃபேன். பட்டா, வில்லங்கம் எல்லாம் படிக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. சத்தியமா தெரியாது. ஆனா வாய் ‘தெரியுங்க’ன்னுடுச்சு. ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினாங்க. நான் பழக்க தோஷத்துல அதைப் புடவை மாதிரி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். அந்தம்மா சிரிக்கக்கூட இல்ல, யோசிச்சு சொல்றேன்பான்னாங்க.

அடுத்தது ஹைவே மேல, மனை போட்டு விக்கற ஒரு கம்பெனி. கண்ணாடிக் கதவு, ஏசி, கோட்டு போட்ட மேனேஜர் பிரேம்நாத். உள்ள நுழைஞ்சதும் ரோஸ்மில்க் குடுத்தாங்க. பட்டுக்கடைக்காரன் ஒரு கடையை எப்படி எடை போடுவான்? ஏசி எவ்ளோ ஜில்லுன்னு இருக்குது, குடிக்க என்ன குடுக்கறாங்க, அவ்ளோதான். சம்பளம் உண்டான்னு கேக்கல. நிலம் எங்க இருக்குதுன்னு கேக்கல. அவங்க கேட்டது எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, அன்னிக்கே பிரேம்நாத் கட்டிவிட்ட டையோட நின்னேன். கண்ணாடியில பார்த்தா கல்யாண வீட்டு பேண்டுக்காரன் மாதிரி இருந்தேன், ஆனா எனக்கென்னவோ கலெக்டர் ஆயிட்ட நினைப்பு.

சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிஞ்சுது. புதுசா வர்றவன் மொதல்ல சொந்தக்காரங்க தலையில ஒரு மனையைக் கட்டணும், கட்டினாதான் வேலை நிக்கும். என் சொந்தத்துல இடம் தேடிக்கினு இருந்தது எங்க அக்கா மங்கையர்க்கரசி ஒருத்திதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை வெச்சிருக்கா. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, மாமா தவறினதுல இருந்து ஒண்டியா இருக்கா, இருக்கற வாடகை வீட்டையும் தைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவ சேர்த்து வெச்சது ஒரு மனைக்குத்தான் ஆகும். அது தப்பாப் போச்சுன்னா அடுத்தது கிடையாது. உன்னை நம்பித்தாண்டா வர்றேன்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டு வந்து கம்பெனி வேன்ல ஏறினா.

தாமல் ஊரைத் தாண்டி உள்ள போனா பொட்டல். வெள்ளையடிச்ச கல்லு நட்டு, கலர் கலரா கொடி கட்டி, பந்தல்ல பிரியாணி. அக்காவைப் பிரேம்நாத் கூட்டிக்கினு போய் மனை காட்டினாரு. நான் வேன் டிரைவர் முனிரத்தினத்தோட உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தேன். அந்த ஆள் எலும்பைக் கடிச்சுக்கினே சொன்னான், போன ஐப்பசியில ஏரித்தண்ணி ஏறி இந்தக் கல்லெல்லாம் முழுகிப் போச்சுன்னு, ஒரு மாசம் வேனே உள்ள வரலைன்னு. பிரியாணித் தட்டைக் கீழ வெச்சேன்.

எழுந்து ஓடினேன். அக்கா அதுக்குள்ள கைப்பையைத் திறந்துட்டா, பிரேம்நாத் பேனாவை எடுத்துட்டாரு. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, மழைக்காலத்துல இங்க வந்து போக பாதை இருக்குதாடான்னு கேட்டா. அந்தப் பாழாப்போன வாய் என்னைக் கேக்கவே இல்லை.

“இருக்குதுக்கா.”

நல்லதுன்னு சொல்லி அவ அட்வான்ஸை எடுத்தா. தோசை திருப்பித் திருப்பி சூடு பட்ட விரலு. அதைப் பார்த்ததும் என்மேல எனக்கே ஆத்திரமா வந்துச்சு.

“இல்லக்கா. பாதை இல்ல. மழை வந்தா இந்த இடமே இல்ல.”

அக்கா பணத்தைத் திரும்பப் பைக்குள்ள போட்டுக்கினா, பிரேம்நாத் மூஞ்சி சுண்டிப் போச்சு. டையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கிளம்பச் சொன்னாரு. எனக்கு அதைக் கழட்டவும் தெரியல, கட்டிவிட்டவரே வந்து கழட்டினாரு. வேன்லயும் ஏத்தல. நானும் அக்காவும் வெயில்ல ஹைவே வரைக்கும் நடந்தோம். அவ முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கினா. அப்புறம் மெதுவா கேட்டா.

“எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீ எடுத்துக் குடுத்த கூரைப்புடவை, அசல் ஜரிகைதானே?”

“இல்லக்கா.”

முதுகுல வெச்சா பாருங்க ஒண்ணு, இன்னிக்கும் வலிக்குது. பஸ்ல ஏறினதும் அவளே டிக்கெட் எடுத்தா. இனிமே நீ எந்த ஆபீஸ்ல சேர்றதுன்னாலும் நானும் வர்றேன், கேள்வி நான் கேட்டுக்கறேன்னு கண்டிச்சு சொல்லிட்டா.

மறுநாளே என்னை இழுத்துக்கினு ரேணுகாம்பாள் ஆபீசுக்குப் போனா. சொந்தக்காரங்களுக்கு வித்தாகணும்னு கட்டாயம் உண்டா, பத்திரத்துல கோளாறு வந்தா யார் பொறுப்பு, பேப்பர் படிக்க இவனுக்கு யார் சொல்லிக் குடுப்பாங்க, கமிஷன்ல இவனுக்கு எவ்ளோன்னு வரிசையா கேட்டா. நான் பக்கத்துல பொம்மை மாதிரி உக்காந்திருந்தேன். அந்தம்மா எல்லாத்துக்கும் பதில் சொல்லி முடிச்சுட்டு, என் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏம்மா, நீ எப்ப வந்து வேலைக்குச் சேர்ற?”

எனக்குக் காது சுட்டுடுச்சு. அக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்தா. காலையில டிபன் கடை இருக்குது, மத்தியானத்துக்கு மேலதான் வர முடியும், இவனையும் சேர்த்துக்கினா வர்றேன்னு சொன்னா. அந்தம்மா ரொம்ப யோசிச்சுட்டு, சரின்னாங்க.

ஊர்ல யார் கேட்டாலும் திறமையிலதான் சேர்ந்தேன்னு சொல்லிக்கினு இருக்கேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, சிபாரிசுதான்.