டேட்டா மட்டும் போதும்

என் போன் அடித்தால் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், அது நைனாதான். நைனா என்றால் என் அப்பா. எங்கள் ராயபுரம் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன, கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் கையில் ஒரு பட்டன் போன். காலையில் நான் பஸ் ஏறுவதற்குள் முதல் அழைப்பு வந்துவிடும். சிலிண்டர்காரர் வந்தார். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. நெத்திலி வாங்கியிருக்கிறேன், நீ வந்து ஆய்கிறாயா, நானே ஆய்ந்து வைக்கட்டுமா.

எனக்குத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதங்கள் தயார் செய்கிற இடம். ஒரு எண் தப்பாகப் போனால் கண்டெய்னர் அப்படியே நின்றுவிடும், மேலாளர் வந்து என் தலைமேல் நிற்பார். அதற்கு நடுவே நெத்திலி. "மீட்டிங்ல கீறேன் நைனா" என்று சொல்லி வைத்துவிடுவேன். பாதி நாள் மீட்டிங் எதுவும் இருக்காது.

போன வருஷம் அலுவலகத்தில் புது மென்பொருள் வந்தது. அதைக் கற்றுக்கொண்டு வர என்னைச் சிங்கப்பூருக்கு ஒரு வாரம் அனுப்புவதாகச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் விமானம் ஏறப்போகிற முதல் ஆள் நான். நைனா மீன் மார்க்கெட் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளே இன்னொரு சந்தோஷமும் ஒளிந்திருந்தது. அதைத்தான் இங்கே சொல்லியாக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் வண்ணாரப்பேட்டையில், துணிக்கடைகளுக்கு நடுவே இருக்கிற ஒரு மொபைல் கடைக்குப் போனேன். வெளிநாட்டில் போனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். என் எண்ணுக்கே ரோமிங் பேக் போட்டுக்கொள்ளலாம், பேசலாம், நெட்டும் வரும், விலைதான் கொஞ்சம் கூட. இல்லையென்றால் இ-சிம். ஒரு க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால் போதும், சிங்கப்பூரில் இறங்கியதும் நெட் வந்துவிடும், மலிவு. ஆனால் அது டேட்டா மட்டும். வாட்ஸாப் ஓடும், மேப் ஓடும். சாதாரண அழைப்பு வராது, போகாது.

டேட்டா மட்டும் போதும் என்றேன். அவள் விடவில்லை. "உங்க நம்பர ரெண்டாவது ஸ்லாட்ல உசுரோட வெச்சுக்கங்கக்கா. ரோமிங் மட்டும் ஆன் பண்ணித் தரேன். ரிங் போவும். எடுத்தாதான் காசு, எடுக்காம வுட்டா ஒண்ணும் இல்ல."

வேண்டாம் என்றேன்.

"வூட்ல பெரியவங்க யாரும் இல்லியாக்கா?"

எல்லாரும் வாட்ஸாப்பில் இருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னேன். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் இதுதான் சிக்கனம் என்றேன். சிக்கனமாவது மண்ணாவது. ஒரு வாரம் என் போன் அடிக்கக் கூடாது. யாரும் என்னைக் கூப்பிட்டு, மோட்டார் ஓடவில்லை என்று சொல்லக் கூடாது. நான் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான்.

இதில் என்ன கொடுமை என்றால், எங்கள் வீட்டில் போனை எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நைனா காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். பத்து நாள், பதினைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடித்துவிட்டு வருகிற படகு. அந்த நாட்களில் படகுக்காரர்களின் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருக்கிற ஆளின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருப்பார்கள். பேசுவதற்காக இல்லை. 'தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்' என்று குரல் வந்தால் நல்லது, ஆள் தூரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். என்றைக்கு ரிங் போகிறதோ அன்றைக்குப் படகு கரைக்குக் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே கட் பண்ணிவிட்டு உலை வைப்பார்கள். அம்மா அப்படி எத்தனையோ தடவை ரிங் சத்தம் கேட்ட மாத்திரத்தில் எழுந்து அடுப்படிக்கு ஓடியிருக்கிறாள்.

ஆனால் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வந்தால் அது வேறு. கடலுக்குப் போனவர்கள் யாரும் போனை அணைத்து வைக்கமாட்டார்கள். அணைந்திருக்கிறது என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நான் கல்லூரியில் படிக்கும்போது என் சித்தப்பாவின் போன் அப்படித்தான் சொன்னது. நைனா அன்று முழுக்க அடித்தார், மறுநாளும் அடித்தார். அப்புறம் படகு கிடைத்தது. சித்தப்பா கிடைக்கவில்லை. தன் தம்பியின் எண்ணை அழிக்காமல் ரொம்ப நாள் வைத்திருந்தார் நைனா. இதெல்லாம் தெரிந்த நான்தான், மீனம்பாக்கத்தில் விமானத்துக்குக் காத்திருக்கும்போதே என் எண்ணை அணைத்துவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தேன்.

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று நைனாவிடம் சொல்லியிருந்தேன். இறங்கினேன். ஹோட்டலுக்குப் போனேன். அறையில் கட்டில் பக்கத்திலேயே ஒரு போன் இருந்தது, அதை எடுத்து ரிசப்ஷனில் கேட்டிருந்தால் இந்தியாவுக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். நான் செய்தது என்னவென்றால், என் தம்பிக்கு வாட்ஸாப்பில், 'வந்துட்டேன், நைனாகிட்ட சொல்லிடு' என்று ஒரு வரி அனுப்பினேன். தம்பி திருவொற்றியூரில் குடும்பத்தோடு இருக்கிறான், எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது. கடமை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

அவனும் நைனாவும் அப்போது பேசிக்கொள்வதில்லை. வீட்டை இடித்துக் கட்டுவது பற்றி ஏதோ ஒரு வாக்குவாதம் முற்றி, இவர் அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசிவிட்டார். மாதக்கணக்காக முகம் பார்க்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். பேசாத இரண்டு பேருக்கு நடுவே ஒரு சேதியை வைத்துவிட்டு, அது தானாக நடந்து போய்ச் சேரும் என்று நினைத்த புத்திசாலி நான்.

அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. காலையில் பயிற்சி. மாலையில் நான் பாட்டுக்கு நடந்தேன், நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன். கடை கடையாய் ஏறி ஒன்றும் வாங்காமல் இறங்கினேன். கைப்பையில் போன் கல்லு மாதிரி கிடந்தது. நடுவில் ஒரு தடவை நைனா என்ன செய்கிறாரோ என்று தோன்றியது. தம்பி சொல்லியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எடுத்த படங்களைக் குடும்பக் குழுவில் போட்டேன். பூந்தோட்டத்தில் நான், பாலத்தின்மேல் நான். சித்தி பெண்கள் எல்லாம் இதயம் போட்டார்கள். அந்தக் குழுவில் இல்லாத ஒரே ஆள் நைனா.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி இல்லை. ஒரு பெரிய மாலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தம்பி வீடியோவில் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது. பின்னால் எங்கள் சர்ச்சின் சுவர் தெரிந்தது, நாங்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

"இன்னாக்கா பண்ணிகினு கீற? பூசைல உன் பேரு படிச்சாங்க."

எனக்குப் புரியவில்லை. அவன் சொன்னான். எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், கடலுக்குப் போய் இன்னும் திரும்பாதவர்கள் கரை சேர வேண்டும் என்று ஒரு மன்றாட்டு உண்டு. வீட்டுக்காரர்கள் பெயர் கொடுத்தால் பங்குச் சாமியார் படிப்பார். அன்று இரண்டு படகுக்காரர்களின் பெயரோடு என் பெயரையும் படித்திருக்கிறார். என் மகளை மூன்று நாளாகக் காணவில்லை, போன் அணைந்திருக்கிறது என்று நைனா முந்தின நாளே போய்ச் சொல்லியிருக்கிறார். பூசைக்கு வந்த யாரோ தம்பிக்குப் போன் போட்டு, உன் அக்காவுக்கு என்னப்பா ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். விமானத்தில் போனவளுக்குக் கடல் மன்றாட்டு என்று வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். கையில் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டில் வழிந்தது.

நீ சொல்லவே இல்லையா என்று தம்பியிடம் பாய்ந்தேன். வேலை நெருக்கடியில் மறந்துவிட்டேன் என்றான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. போனை நைனாவிடம் கொடுத்தான்.

திரையில் முகத்தை வைக்கத் தெரியாமல் முதலில் அவர் நெற்றி தெரிந்தது, பிறகு கண். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. எந்தக் காரணத்துக்காகவும் ஷேவ் செய்யாமல் பூசைக்குப் போகிறவர் இல்லை அவர். என்னைப் பார்த்தார். ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்பார், வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவர் கேட்டது இதுதான்.

"போன் தண்ணில வுழுந்துச்சாம்மா?"

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானேதான் அணைத்தேன் நைனா, உன் போன் வரக்கூடாது என்றுதான் அணைத்தேன் என்று. எந்த வாயால் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"ஆமா நைனா. வுழுந்துடுச்சு."

அவருக்கு மூச்சு வந்தது. எனக்கு அது இங்கேயே கேட்டது. "போனா போவுது," என்றார். "நீ வுழல இல்ல?"

அப்புறம் திரையில் கோயில் கூரை தெரிந்தது, அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. அவர் திரும்பி நின்று அழுதார் என்று தம்பி பிறகு சொன்னான். மாலில் என் எதிரே உட்கார்ந்திருந்த சீனத்து அம்மாள் ஒரு டிஷ்யூ எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மிச்சம் இருந்த நாட்களில் ஹோட்டல் அறையின் போனிலிருந்து காலையும் மாலையும் கூப்பிட்டேன். நைனா ஒவ்வொரு தடவையும் ஐயோ காசு ஆவும், வெய்யி என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் கதை ஊருக்கே தெரிந்திருந்தது. தெருமுனையில் ஆட்டோவிலிருந்து இறங்கினதுமே பால்பூத்காரர், போன்தானே போச்சு, ஆள் வந்துட்டே, அது போதும் என்றார். கொண்டுவந்த போன் பையில் புத்தம் புதிதாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தபோது நைனா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயவைத்ததும் சரியாகிவிட்டது என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. நல்ல கம்பெனி போன் என்று அவர் மெச்சிக்கொண்டார்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது நில்லு என்றார். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார். காசிமேட்டில் வலையும் கயிறும் விற்கிற கடையில் கிடைக்கும், கடலுக்குப் போகிறவர்கள் போனைப் போட்டு வாய் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற பை. எனக்காகத் தேடி வாங்கியிருக்கிறார். பக்கெட்டில் போட்டு மூழ்கடித்துப் பார்த்துதான் வாங்கினாராம், உள்ளே வைத்த காகிதம் நனையவே இல்லையாம். நைனா, அது வந்து, போன் தண்ணில, என்று நான் ஆரம்பித்தேன். வுடும்மா, ஆவறதுதான் என்று என் போனைக் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டு, வாயை அழுத்தி மூடி, கயிற்றை என் கழுத்தில் மாட்டினார்.

பிறகு தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் என் எண்ணை அடித்தார். நெஞ்சுமேல் போன் அதிர்ந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து சத்தம் கொஞ்சம் அமுங்கி வந்தது.

"கேக்குதாம்மா?" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

நான் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். இன்னும் சத்தமாகக் கேட்டார். "உள்ள கீதே, ரிங்கு உனுக்குக் கேக்குதா?"

"கேக்குது நைனா" என்றேன்.

கட் பண்ணினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை அடித்துப் பார்த்தார்.