மட்டாஞ்சேரியில் ஒரு குடம் உடைந்தது

இந்த ஊரில் காலையில் பால் வாங்கப் படியிறங்கினால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து, "எந்தா விசேஷம்?" என்று கேட்கிறார்கள். எட்டு மாத வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி, வாத்து மாதிரி நடந்து வருகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? எங்கள் விருதுநகரில் கல்யாணமான பெண்ணிடம் "என்ன, விசேஷம் உண்டா?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதையும் முதல் வருஷம் முடிவதற்குள் கேட்டு உயிரை எடுத்துவிட்டு, வயிறு தெரிய ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். இங்கே மளிகைக் கடைக்காரர், மீன்காரர், எதிர்வீட்டுச் சின்னப் பெண் என்று சகலரும் தினமும் கேட்டார்கள். "கண்ணு தெரியலையாய்யா உங்களுக்கு?" என்று ஒருநாள் மளிகைக்காரரிடம் கேட்டே விட்டேன். அவர் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மலையாளத்தில் அதற்கு 'என்ன சேதி' என்று மட்டும்தான் பொருள் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அந்தத் தெரு முழுக்க, மாடிக்கு வந்திருக்கும் பாண்டிக்காரி, அதாவது தமிழச்சி, சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியிருந்தேன். தப்பில்லை, உண்மைதானே.

இந்த மாடி வீட்டைப் பிடித்தது என் வீட்டுக்காரர் செல்வம். அவருக்கு ஏலூரில் ஒரு ரசாயன ஆலையில் வேலை. ஏலூர் எங்கே இருக்கிறது, மட்டாஞ்சேரி எங்கே இருக்கிறது! நடுவில் ஒரு நகரமும் காயலும் கிடக்கின்றன. ஏன் இவ்வளவு தூரத்தில் வீடு என்று கேட்டதற்கு, "அங்க நம்ம தமிழாளுங்க இருக்காங்க, உனக்குப் பேச்சுத்துணை ஆகும்" என்றார். மகாபுத்திசாலி. அவர் சொன்ன தமிழாள், கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சரசு சேச்சி. சேச்சி என்றால் அக்கா. கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனோ பாட்டனுக்குப் பாட்டனோ தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எந்த ஊர் என்று கேட்டால் கிழக்குப் பக்கமாகக் கையைக் காட்டி, "அங்ஙோட்டு எவிடெயோ" என்பார். பெட்டிகளோடு நாங்கள் வந்து இறங்கிய அன்று என் கன்னத்தைத் தடவி, "நம்மளும் தமிழாக்கும் மோளே, ஒந்நும் விஷமிக்கண்டா" என்றார். எனக்குத் திக்கென்றது. வந்த அன்றைக்கே விஷம் பற்றி என்ன பேச்சு? வருத்தப்படாதே என்கிறார் என்று செல்வம் மொழிபெயர்த்தார். தமிழைத் தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொண்ட முதல் குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகாமல் இவள் ஏன் கொச்சியில் போய்க் கிடக்கிறாள் என்று ஊரில் இருக்கிற நீங்கள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் விடுவீர்களா? ஏழாம் மாதம் வளைகாப்பெல்லாம் முறையாகத்தான் நடந்தது. கை நிறைய வளையல், வாய் நிறைய ஐந்து வகைச் சோறு. அம்மா என் பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். அப்போதுதான் பெரியப்பா தொண்டையைச் செருமினார். அண்ணன் மனைவிக்கும் அதே மாதம்தான். அண்ணிக்குத் தாய் இல்லை, அதனால் பிரசவம் எங்கள் வீட்டில் என்று முன்பே முடிவாகியிருந்தது. ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கக் கூடாதாம், ஒருத்தி பிள்ளைக்கு ஆகாதாம். எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பெரியப்பா வாயிலிருந்து வந்தால் அதுதான் சாஸ்திரம். அண்ணி அழுதுகொண்டே, "நான் வேணா எங்கயாச்சும் போறேன்" என்றாள். அவளுக்கு எங்கே போவதற்கு இடமிருக்கிறது? வாயில்லாப் பூச்சி அவள். நான்தான் வீராப்பாக, "எனக்கென்ன, கொச்சியில் இல்லாத ஆஸ்பத்திரியா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். அம்மா பஸ் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டாள். எனக்கு டாக்டரும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம், வலி எடுக்கும்போது அம்மாவின் கை ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீராப்புக்காரிகளுக்கு வாய் வரவேண்டிய இடத்தில் மட்டும் வராது.

வந்து சேர்ந்தது மார்கழி பிறக்கும் சமயம். ஊரில் இந்நேரம் அம்மா விடியலில் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்திருப்பாள், கோயில் ஒலிபெருக்கி தெருவையே எழுப்பியிருக்கும். இங்கே வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பேதமே இல்லை. "மோள் ஸ்டார் தூக்கியில்லே?" என்று சேச்சி தினமும் கேட்டு, நான் தூக்குகிற நிலையில் இல்லை என்று தெரிந்ததும் எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் அவரே ஒன்று வாங்கி வந்து எங்கள் மாடியில் கட்டிவிட்டார். சிவப்பும் பச்சையுமாக ராத்திரியெல்லாம் கண்ணடித்தது. அதைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநிமிஷம் பெரியப்பா போன் செய்து, "வேதத்துல சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். வீட்டை விட்டு அனுப்பும்போது வராத அக்கறை, நட்சத்திரம் கட்டியதும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பண்டிகைக் காலம் என்றால் உறவுக்காரர்கள் கூடுவார்கள், எனக்கும் கூடினார்கள், எல்லாரும் சேச்சியின் உறவுக்காரர்கள். கேக்கும் கப்பைக்கிழங்கும் மீன்கறியுமாக மாடிக்கு வந்து, என் வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று பந்தயம் கட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலங்களில் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதால் யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுன் வரைக்கும் போய் வருவேன். எங்கள் வீட்டுப் பரணில் கரப்பான் குடியிருக்கும் பித்தளை அண்டாவை இங்கே கண்ணாடிக்குள் வைத்து வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுகிறார்கள். கிடங்குகளிலிருந்து சுக்கு வாசம் வரும். அந்த வாசத்துக்கு அம்மா போடுகிற பிரசவ லேகியம் ஞாபகம் வந்து அங்கேயே நின்றுவிடுவேன். உடனே யாராவது "எந்தா விசேஷம்?" என்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. எனக்குத் தேதி பொங்கலுக்குப் பிறகுதான். பொங்கல் கழிந்ததும் தான் கிளம்பி வந்துவிடுவதாக அம்மா போனில் சொன்னாள். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது, என் மகளிடம்தான் யாரும் கேட்கவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி. ஆலையில் உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் விடுப்பு எடுத்துவிட, "தமிழனுக்கு ஏது நியூ இயர்" என்று செல்வத்தைப் பகல் ஷிப்டில் போட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். காலோடு வெதுவெதுப்பாகத் தண்ணீர் இறங்கியது. நிற்கவே இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: "சேச்சி! பனிக்குடம் உடைஞ்சிருச்சு!"

சேச்சி வேகமாகத்தான் வந்தார், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு கையில் பாராசிட்டமால், மறுகையில் தரை துடைக்கிற துணி. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, "பனி இல்லியே மோளே? குடம் உடைஞ்சதுக்கு எந்தினா கரயுந்நது? ஞான் வேற குடம் தராம்" என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எனக்குக் காய்ச்சல் அடிப்பதாகவும், காய்ச்சலோடு தண்ணீர் எடுக்கப் போய்க் குடத்தை உடைத்துவிட்டு அழுவதாகவும் அவர் ஒரு கதையே கட்டி முடித்திருந்தார். என் காலடியில் குனிந்து துடைக்கவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி, "வெள்ளம்! வெள்ளம் போச்சு!" என்றேன். "அது நாளெ வரும். இவிடெ பைப்பில் எந்நும் இங்ஙனெயாக்கும்" என்று, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதாக நினைத்து அவர் ஆறுதல் சொன்னார். ஆங்கிலமாவது காப்பாற்றட்டும் என்று "டெலிவரி, டெலிவரி" என்றேன். அவர் எட்டிப் பார்த்தது தெருவாசலை. கூரியர்காரன் வந்திருக்கிறான் என்று நினைத்தாராம். நானும் தமிழச்சி, அவரும் தமிழச்சி, நடுவில் என் பிள்ளை பிறக்க வழி தெரியாமல் நிற்கிறது.

அப்போதுதான் முதல் வலி வந்தது. இடுப்பை யாரோ இரண்டாக முறிக்கிற மாதிரி. "அம்மா!" என்று அலறிவிட்டேன். அது மட்டும் சேச்சிக்குப் புரிந்தது. துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, "என்டெ தெய்வமே! அதல்லே ஆத்யம் பறயேண்டது!" என்று என்னையே திட்டினார். ஆமாம், முதலில் சொல்லாதது என் குற்றம்தான்.

டாக்டர் எர்ணாகுளத்தில். அன்றைக்கு உலகமே எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் கொச்சிக்கோட்டைக்குள் வந்துகொண்டிருந்தது. நள்ளிரவில் கடற்கரையில் பாப்பாஞ்ஞி என்கிற பிரம்மாண்டமான கிழவன் பொம்மையைக் கொளுத்திப் பழைய வருஷத்தை அனுப்பிவைப்பார்கள். அதைப் பார்க்கத்தான் மத்தியானத்திலிருந்தே இந்தக் கூட்டம். வெளியே போகிற வண்டி எங்கள் ஆட்டோ ஒன்றுதான் என்று தோன்றியது. தோப்பும்படிப் பாலத்தில் ஓர் அடி நகரவில்லை. சிவப்புத் தொப்பி போட்ட பையன்கள் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி "ஹாப்பி நியூ இயர் சேச்சி!" என்று ஊதல் ஊதினார்கள். விருதுநகரில் கற்ற வசவு அத்தனையையும் நான் அவர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தேன். புரியாமல் கையசைத்தார்கள். எனக்குப் பயம் வந்தது, சும்மா சொல்லக் கூடாது. இந்தப் பாலத்திலேயே செத்துப்போனால் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். சேச்சி ஒரு கையை என் கையில் கொடுத்துவிட்டு, பாதி உடம்பை வெளியே தள்ளி, "மாறு மாறு! பிரசவமாணு!" என்று சங்கு மாதிரி முழங்கினார். சற்று முன் ஊதல் ஊதிய அதே பையன்கள்தான் ஓடிவந்து வண்டிகளை ஒதுக்கி வழி விட்டார்கள். சேச்சியின் கையில் என் நகங்கள் பதிந்து ரத்தம் கசிந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் முந்திக்கொண்டாலும் கெட்டியான பிள்ளை என்றார் டாக்டர். செல்வம் ஏலூரிலிருந்து அந்தக் கூட்டத்தை நீந்தி வந்து சேர்வதற்குள் சேச்சி பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டார். வாங்கியதோடு நிற்கவில்லை. நர்ஸ் திரும்பிய நேரம் பார்த்து, முந்தானையில் முடிந்துவைத்திருந்த சீனியை ஒரு சொட்டு வெந்நீரில் கரைத்து, விரல் நுனியால் பிள்ளை நாக்கில் தொட்டு வைத்தார். இதையெல்லாம் செய்யவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் பேச்சைக் கேட்காமல் இருப்பதில் தமிழ்நாடும் கேரளமும் ஒற்றுமையாக இருக்கின்றன.

மறுநாள் மத்தியானம் அம்மா வந்தாள். செல்வம் போனில் சொன்னதும் கிளம்பிவிட்டாளாம், பெரியப்பாவிடம் கேட்கவே இல்லையாம். அண்ணியையும் பேரனையும் பெரியம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, மதுரையில் பஸ் மாறி, மலையேறி இறங்கி, கலைந்த தலையோடு வார்டுக்குள் நுழைந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னைத் தனியா விட்டுட்டேனே தாயி" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு பிள்ளையை மடியில் வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு சின்னத் தேன் சீசாவை எடுத்தாள்.

"சேனை யாரும் வச்சுடலையே? பேத்திக்கு என் கையாலதான் வைக்கணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டு வந்தேன்."

 பிறந்த பிள்ளை நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம்தான் பிள்ளைக்கு வரும், அவர் பேச்சுதான் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சேச்சி முகமெல்லாம் சிரிப்பாக, முதல் இனிப்பை நேற்றே தான் வைத்துவிட்டதைச் சொல்ல முன்னால் வந்தார்.

"அது இந்நலெத்தன்னெ கழிஞ்ஞு அம்மே! ஆத்யத்தெ மதுரம் என்டெ கையில்நின்னாக்கும்!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றாங்க? மதுரைன்னு ஏதோ காதுல விழுகுது."

"நீ மதுரை தாண்டி வந்து வைக்கணும்னு எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்னு சொல்றாங்கம்மா" என்றேன்.

சொல்லிவிட்டுச் சேச்சியைப் பார்த்தேன். பனிக்குடம் புரியாதவருக்கு இது மட்டும் புரியவா போகிறது என்று நினைத்தேன். புரிந்துவிட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு ஒரு கணம் அப்படியே நின்றது. என் நகம் பதிந்த கையை மறுகையால் மூடிக்கொண்டார். பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தேன் சீசாவின் மூடியைத் திறந்து கொடுத்தார்.

"ஆமாக்கா. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். நீங்களே வைங்க."

ஒரு சொல்கூட மலையாளம் இல்லை. இவ்வளவு நல்ல தமிழை இந்த அம்மாள் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. அம்மா விரலைத் தேனில் தொட்டு, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, பிள்ளையின் உதட்டைப் பிரித்தாள். என் மகள் தன் முதல் இனிப்பை இரண்டாவது தடவையாகச் சப்புக்கொட்டினாள்.