இரண்டு பேர் அமுக்க வேண்டிய தண்ணீர்

பெர்சிஸ் மேடம் வீட்டுக் குழாய் ஒருநாளும் ஒழுகியதில்லை. மாதம் இரண்டு முறை போன் மட்டும் தவறாமல் வரும். "பாய், சமையக்கட்டுக் குழாய் சொட்டிக்கினே கீது. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடினால் குழாய் காய்ந்துபோய்க் கிடக்கும். "இப்பதான் நின்னுச்சு" என்பார். அதற்குள் இரண்டு டம்ளரில் டீ தயாராக இருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வரும். இந்தப் பிளம்பர் கரீமுல்லா என்ன வேலைவெட்டி இல்லாதவனா? டீயை வாசலில் நின்றபடியே மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன்.

மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. திருத்தணியில் கட்டட கான்ட்ராக்டர் முரளிதரன் ஆபீசில் முப்பது வருஷமாகப் பிளான் வரைகிறார். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு நின்றே போனது. அந்த அம்மாவும் போய் நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் ஆபீஸ். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன வருஷம் முனிசிபல் பார்க்கில் குழந்தைகளுக்குத் தண்ணீர் விளையாட்டுத் திடல் கட்டும் வேலை முரளிதரனுக்குக் கிடைத்தது. ஃபைபர் யானை ஒன்றை நிறுத்தி, சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்குக் குளம் வெட்டலாம் என்றார் அவர்.

"குளம் வேணாம் சார்" என்றார் மேடம். "ஒரு குழந்தை உயிர் போறதுக்கு முழங்கால் தண்ணி போதும். தரையிலேர்ந்து பீச்சணும், தேங்காம ஓடிடணும்."

குழாய் வேலை எனக்கு. தரையில் பன்னிரண்டு துளைகள். பீச்சிய தண்ணீர் கம்பி வலை வழியாக அடியிலிருக்கும் தொட்டிக்குப் போகும், வடிகட்டி வழியாகத் திரும்பி வரும். இதெல்லாம் சரி. இதோடு ஒரு வம்பையும் சேர்த்து வரைந்திருந்தார். எட்டடி தள்ளி இரண்டு கம்பம், ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மோட்டர் ஓடும். ஒரு கை எடுத்தாலும் நின்றுவிடும்.

"எதுக்கு மேடம் இந்தத் தலைவலி?"

"தண்ணி வீணாகாது பாய்" என்றார். முரளிதரனிடமும் அதையே சொல்லிச் சண்டை போட்டு ஜெயித்தார். தண்ணீராவது, வீணாவதாவது! குழந்தைகள் ஒன்றையொன்று கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வரைந்தார். அது கூடவா எனக்குத் தெரியாது?

சோதனை பன்னிரண்டு நாள் நடந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஒரு கம்பத்தில், நான் ஒரு கம்பத்தில். "பாய், ரெடியா?" "ஆங், அமுக்குங்க!" தண்ணீர் எழும்பும். பீச்சுவது குழந்தையின் கண்ணில் அடிக்குமோ என்று, என் மகன் ஷகீலை அவர் பட்டனில் நிற்கவைத்துவிட்டு, சேலையோடு தரையில் மண்டிபோட்டு முகத்தைக் காட்டுவார். கன்னத்தில் சுள்ளென்று பட்டால், "இன்னும் கொறைங்க, கொறைங்க!" என்று கத்துவார். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முழுக்க நனைந்துபோய்ச் சிரித்தார். அடேயப்பா, இந்த அம்மாவுக்கு இப்படியொரு சிரிப்பா என்று நான் வாயைப் பிளந்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டுக் குழாய் சொட்டுவதாகப் போனே வரவில்லை.

திறந்த பிறகு ஒரே கூட்டம். முதல் கிருத்திகையிலேயே தண்ணீர் மஞ்சளாகி வடிகட்டி அடைத்துக்கொண்டது. பார்த்தால் சந்தனம்! மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளைகள் நேராக இங்கே வந்து குதித்திருக்கிறார்கள். திருத்தணியில் பிறந்து வளர்ந்துவிட்டு மொட்டையை மறந்த ஆட்கள் நாங்கள் இருவராகத்தான் இருக்கும். அதிலிருந்து வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவப் போவேன். மேடமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்ப்பார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். பார்க்கில் ஆள் இல்லை. வேப்பமரத்தடியில் தெலுங்குக்கார அம்மா ஒருத்தி மடியில் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மூத்த பெண்ணுக்கு ஐந்து வயதிருக்கும். மொட்டைத்தலை, காயாத சந்தனம். அது ஒரு பட்டனை அமுக்கியது. தண்ணீர் வரவில்லை. அடுத்த கம்பத்துக்கு ஓடி அமுக்கியது. திரும்ப ஓடிவந்தது. ஏழெட்டு முறை ஓடியிருக்கும். கடைசியில் தரைத் துளையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சுற்றும் முற்றும் யாராவது வருகிறார்களா என்று பார்த்தது.

"அது ஒண்டியா கீது பாய்" என்றார் மேடம். குரலே மாறிப்போயிருந்தது.

போய் இரண்டாவது பட்டனை அமுக்கிக்கொண்டு, குழந்தைக்கு மற்றதைக் கைகாட்டினார்; அது ஓடிப்போய் அமுக்கியது. தண்ணீர் வந்ததும் குழந்தை பட்டனை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடியது. உடனே தண்ணீர் நின்றுவிட்டது. நான் ஓடிப்போய் அந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை ஒரு நிமிஷம் குதித்திருக்கும். "ரா தல்லி, பஸ்ஸு!" என்று அம்மா கூப்பிட்டதும் ஓடிவிட்டது. மேடம் கையை எடுக்கவே இல்லை, நானும் எடுக்கவில்லை. யாரும் இல்லாத இடத்தில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது.

"எனக்கே தோணலையே பாய்" என்றார். "ஒண்டியா வர்ற புள்ள இன்னா பண்ணும்னு வேற யாருக்குத் தோணாட்டியும் எனக்குத் தோணியிருக்கணுமே." அழுதார். நான் பட்டனை விட்டுவிட்டுப் போய் வடிகட்டியைத் தேய்த்தேன்.

மறுநாளே மூன்றாவது கம்பத்துக்குப் பிளான் வரைந்துவிட்டார். ஒரு கை அமுக்கினால் போதும், தலைக்கு மேலே ஒரு பூத்தூறல் விழும், கை எடுத்தாலும் இரண்டு நிமிஷம் நிற்காது. முரளிதரன் விடுவாரா? "ரெண்டு பேரு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீங்கதானேம்மா?"

"ஆமா சார். நான்தான் தப்பு பண்ணேன்."

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டிராத முரளிதரன், "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்று சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை நான் குழாயைப் பொருத்தினேன். திங்கட்கிழமை ஏழு மணிக்குச் சோதனை.

"கூப்பிடுங்க மேடம், வந்துடறேன்" என்றேன்.

போன் வரவில்லை. எட்டு மணிவரை போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நானே போனேன். தரை ஈரமாக இருந்தது. பார்க் வாட்ச்மேன் சிங்காரம் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா வந்தாங்க, அமுக்கினாங்க, நனைஞ்சாங்க, போய்ட்டாங்க. நல்லா வேல செய்யுது பாய்."

"கூட யாரு இருந்தாங்க?"

"கூட எதுக்கு ஆளு? ஒண்டி ஆளு அமுக்கறதுதானே அது?"

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடியது. இரண்டு மாதம் ஓடியது. குழாய் சொட்டுகிறது என்று ஒரு போன் இல்லை. வேலையைக் கெடுக்கிறார் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இப்போது போன் அடிக்கும்போதெல்லாம் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். நேற்று பொறுக்க முடியாமல் நானே போன் போட்டேன்.

"மேடம், சமையக்கட்டுக் குழாய் சொட்டுதா?"

"இல்ல பாய். நல்லாதான் கீது."

முதல்முறையாக அந்தக் குழாயைப் பற்றி உண்மையைச் சொன்னார்.

"சொட்டும் மேடம்" என்றேன். "நான் வந்துகினு கீறேன். டீ போடுங்க, உக்காந்து குடிக்கிறேன்."