முப்பத்தேழாம் வருடத்து முரசு

ஒட்டோகர் வெஸெலி யார் என்று வியன்னாவில் இசைத்தட்டுப் பைத்தியங்களிடம் கேட்டால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடத்துப் பதிவில் டிம்பனி வாசித்தவர் என்பார்கள். மற்றவர்களிடம் கேட்டால், மூன்றாவது மாடியில் குடியிருக்கிற, படிக்கட்டில் நாய் முடி கிடந்தால் கூச்சல் போடுகிற ஓய்வூதியக்காரர் என்பார்கள். நான் அவர் மனைவி தெரேசியா, அவர் வாயில் ரெஸி. இருபத்தாறு வருடம் அந்தக் கூச்சலோடு குடித்தனம் நடத்தியவள்.

டிம்பனி என்பது இசைக்குழுவின் பின்வரிசையில் நிற்கிற பெரிய செப்பு முரசு. முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கும். ஆனால் நான் சொல்லும் இசையில் அதுதான் உயிர். அது சாகக் கிடக்கும் ஒரு மனிதனைப் பற்றிய இசைக்கோவை. பாட்டு இல்லை, வசனம் இல்லை, கதை முழுவதையும் வாத்தியங்களே சொல்லும். தொடக்கத்தில் இருட்டறை, கட்டில், மூச்சு. டிம்பனி அவன் இதயம். ஒரு அடி விழும். இனி வராது என்று நாம் நினைக்கும்போது அடுத்தது விழும். எத்தனையோ குழுக்கள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. போருக்குப் பிறகு கலைந்துபோன எங்கள் ஊர்க் குழு ஒன்று முப்பத்தேழில் செய்த பதிவில்தான் அடுத்த அடி இனி வராது என்று நிஜமாகவே நம்பிவிடுவோம்.

என் அத்தை வீட்டில் அதைக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. போர் முடிந்த குளிர்காலத்தில், ரொட்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒல்லி மனிதர் பேச்சுவாக்கில், "அதுல டிம்பனி நான்தான்" என்றார். வசந்தத்தில் கல்யாணம். சரியாகச் சொன்னால் நான் அந்த அடிகளைத்தான் கட்டிக்கொண்டேன். அந்த ஒரு தட்டை எடுத்துவிட்டால் ஒட்டோவிடம் மிச்சம் இருப்பது கோபமும் மூட்டுவலியும்தான். அது அவருக்கும் தெரியும்.

அந்தக் குழுவில் முதல் டிம்பனிக்காரர் எமில் லோவிட். ஒட்டோ அவருக்குக் கீழே உதவி ஆள். லோவிட் யூதர். முப்பத்தெட்டு மார்ச்சில் நாஜிகள் வந்த கையோடு அவரை வெளியே அனுப்பினார்கள். பிறகு போலந்துக்கு ரயிலேற்றினார்கள். திரும்பி வரவில்லை. அவருடைய இடத்தில் ஒட்டோ உட்கார்ந்தார், அதனால் போர்முனைக்கும் போகாமல் தப்பினார். இதையெல்லாம் அவர் மறைத்ததில்லை. "போர்க்காலத்துல ஒரு கச்சேரிகூட நான் இல்லாம நடக்கல" என்று பெருமையாகவே சொல்வார். முப்பத்தேழைப் பற்றிக் கேட்டால், "பதிவு நடந்த வாரம் லோவிட்டுக்குக் காய்ச்சல், நான் உட்கார்ந்தேன்" என்பார். தட்டின் உறையில் பின்வரிசைக்காரர்களின் பெயரைப் போடுவதில்லை. எனவே யாரும் அதைத் தோண்டவில்லை.

மாதத்தில் முதல் ஞாயிறு மதியம் மருந்துக்கடைக்காரர் ஸேஹெட்னர் வீட்டில் கூடுவோம். ஒரே இசையை மூன்று பதிவுகளில் கேட்பது வழக்கம். உறைகளை ஸேஹெட்னர் துணி போட்டு மூடிவைப்பார். எது யார் நடத்தியது, எந்த வருடம் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மூன்றும் முடிந்ததும் எல்லோரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே துணியை எடுப்பார். சொன்னதை மாற்றக் கூடாது, அதுதான் ஒரே விதி. இதில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் மூக்குடைபட்டிருக்கிறார்கள். ஒட்டோவின் தீர்ப்பு மட்டும் இதுவரை தவறியதே இல்லை, அத்தனை கூர்மையான காது.

எழுபத்திரண்டு நவம்பரில் அந்த ஞாயிறன்று மூடுபனி தெருவை விழுங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் ஏதாவது கேலி சொல்லாமல் ஸேஹெட்னரால் இருக்க முடியாது. அன்று என் கோட்டை வாங்கி மாட்டினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் வழக்கமான வால்நட் கேக்கும் இல்லை, வெறும் காப்பி. யாராவது செத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். உள்ளே ட்ராம் கம்பெனியில் ஓய்வு பெற்ற ஹாபெர்ல் மட்டும் வழக்கம்போலக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரத்தில் சாம்பல் நிறக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண், ஐம்பதை நெருங்குபவள்.

"ஹைஃபாலேர்ந்து வந்திருக்காங்க. திருமதி கிலாத். சின்ன வயசுல இந்த ஊர்ல இருந்தவங்க" என்றார் ஸேஹெட்னர்.

ஒட்டோ பழைய பாணியில் குனிந்து அவள் கையில் முத்தமிட்டார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள். விட்ட பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு எது?" என்றார் ஒட்டோ.

"சாகக் கிடக்கறவன்" என்றார் ஸேஹெட்னர்.

"அட, என்னோடதா! அப்ப முடிவு தெரிஞ்சதுதானே?"

"டிம்பனியை மட்டும் கவனிச்சுத் தீர்ப்புச் சொல்லுவோம். இன்னிக்கு அப்படி."

முதல் தட்டு ஏதோ வெளிநாட்டுக் குழு. வேகமாக ஓடியது. "கடைசி ட்ராமைப் பிடிக்க ஓடறான் நோயாளி" என்றார் ஹாபெர்ல். நான் சிரித்தேன், வேறு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது தட்டில் ஊசி இறங்கியதும் அந்தப் பழைய கரகரப்பு. முப்பத்தேழு. ஒட்டோ கண்ணை மூடிக்கொண்டார். நான் தற்செயலாகத் திருமதி கிலாத்தைப் பார்த்தேன். டிம்பனி அடிக்கிறது, உடனே அவள் வலது உள்ளங்கை மேசையில் படிகிறது. மறுபடி அடி, மறுபடி உள்ளங்கை. தட்டில் ஒலி அறுபடும் அதே நொடியில் கை மரத்தைத் தொட்டது. ஓர் இடம் தப்பவில்லை. ஒட்டோவை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்டால் அப்போது எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. ஒட்டோவின் காலை மேசைக்கடியில் மிதித்தேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

மூன்றாவது தட்டு சுத்தமாக ஒலித்தது, கரகரப்பே இல்லை. டிம்பனி தொடங்கியதும் ஒட்டோ முகத்தைச் சுளித்தார். திருமதி கிலாத்தின் கை மடியிலேயே கிடந்தது.

"சொல்லுங்க வெஸெலி" என்றார் ஸேஹெட்னர்.

"ரெண்டாவது என்னோடது, குழந்தைகூடச் சொல்லும். அடிச்சதும் விரலால தோலை அடக்கறேன் பாருங்க. சத்தம் அப்படியே நிக்கும். இதயம் நின்னுடுச்சோன்னு பயம் வரும். அதுதான் வித்தை."

"மூணாவது?"

"மூணாவது ஆள் டிம்பனிக்காரனே இல்ல. மாவு பிசையறவன். தோலை அடக்கத் தெரியல, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கொழகொழன்னு கிடக்கு. சத்தம் சுத்தமா இருக்கறதால இது ஐம்பதுகள்ல எடுத்தது. ஏதோ சின்ன ஊர்க் குழு."

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் ஸேஹெட்னர். "ரெண்டுலயும் ஒரே கைன்னு சொல்ல முடியாதா?"

"ஒட்டோ, போதும். வீட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

"நீ சும்மா இரு ரெஸி. ஒரே கையா? அப்படி இருந்தா என் காதை அறுத்து உங்க கடைல மாத்திரையோட சேர்த்து வித்துடுங்க!"

ஹாபெர்ல் தொடையைத் தட்டிச் சிரித்தார். "எனக்கும் அதே தீர்ப்புதான். ரெண்டும் வேற வேற ஆளு, சத்தியமா."

ஸேஹெட்னர் துணியை எடுத்தார். இரண்டாவது உறையில் முப்பத்தேழு. மூன்றாவதில் அதே குழுவின் பெயர், அடியில் 1943.

"நாற்பத்திமூணுலயே வானொலிக்காரங்ககிட்ட நாடாப் பதிவு இருந்துது. அதான் கரகரப்பு இல்ல" என்றார் ஸேஹெட்னர். "இந்த வருஷம்தான் தட்டா வந்திருக்கு."

நாற்பத்திமூன்றில் அங்கே டிம்பனி ஒட்டோதான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஹாபெர்லின் சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்துவிட்டது, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல என்னைப் பார்த்தார்.

ஒட்டோ உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது... அந்த வாரம் எனக்குக் காய்ச்சல்..." என்று தொடங்கினார். தொடங்கியவர் தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அப்பாவுக்கு அந்த வாரம் காய்ச்சல் இல்லை" என்றாள் திருமதி கிலாத். மெதுவாகத்தான் சொன்னாள். "எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. நான் மிர்யாம் லோவிட். அப்பா சாப்பாட்டு மேசையில பழகுவார். அடிப்பார், உடனே உள்ளங்கையை வெப்பார். கீழ் வீட்டுக்காரங்க புகார் சொல்வாங்கன்னு அப்படிப் பழகினார். அதுவே கச்சேரியிலயும் வந்துடுச்சு. எங்ககிட்ட அவரோட போட்டோ ஒண்ணுகூட இல்ல. கல்லறையும் இல்ல. இந்தத் தட்டு ஒண்ணுதான் இருக்கு. அதையும் நீங்க எடுத்துக்கிட்டீங்க."

"நான் அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன்" என்றார் ஒட்டோ. "அவர் எனக்கு... நான் அவரை ஒண்ணும் செய்யல. அவங்க கொண்டுபோனாங்க. நான் என்ன செய்ய முடியும்?"

"அதை நான் கேட்கல. இதுல யாருன்னு மட்டும்தான் கேட்க வந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க."

எனக்கு அவர்மேல் வந்தது கோபம் இல்லை, அருவருப்பு. வேலையை எடுத்தார், முரசை எடுத்தார், சரி, காலம் அப்படி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். செத்தவனின் இதயத்துடிப்பைத் தன்னுடையது என்று சொல்லி என் கழுத்தில் போட்டாரே. இத்தனை வருடம் யாரோடு இருந்தேன்?

மிர்யாம் ஸேஹெட்னரிடம் திரும்பினாள். "ரெண்டாவதை இன்னொரு தடவை போடறீங்களா?"

ஒட்டோ தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், வழக்கம்போல ஒலிபெருக்கிக்கு எதிரே இருக்கும் நல்ல நாற்காலியில்.

"இதுல நீங்க இல்ல ஐயா. நீங்க போகலாம்" என்றாள் அவள்.

அவர் எழுந்தார். கோட்டை மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது, கை கோட்டுக்குள் நுழைய மறுத்தது. ஹாபெர்ல் உதவிக்கு எழப்போய் உட்கார்ந்துவிட்டார்.

"ரெஸி, வா" என்றார் கதவருகிலிருந்து.

நான் அசையவில்லை.

"ரெஸி."

ஸேஹெட்னர் என்னைப் பார்த்தார், ஊசியைத் தூக்கியபடி காத்திருந்தார். நான் எழுந்து போய், காலியாகக் கிடந்த அந்த நாற்காலியை மிர்யாமின் பக்கம் தள்ளினேன். அவள் வந்து அமர்ந்தாள். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிக்கட்டில் ஒட்டோவின் காலடி இறங்கிப் போனது. ஊசி தட்டைத் தொட்டது, எமில் லோவிட் வாசிக்கத் தொடங்கினார்.