நிரப்பாத வட்டம்

வாங்கின பெயர் எத்தனை தலைமுறைக்குப் பிறகு சொந்தமாகும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. பெப்ரவரி கடைசியில் எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறக்க இருக்கிறது. அதற்குள் தெரிந்தால் நல்லது.

என் கடைசிப் பெயர் ஓர் ஆங்கிலேயப் பெயர். இங்கிலாந்திலேயே அதைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம். அதை இங்கே எழுதப்போவதில்லை. அதை வைத்திருப்பவர்கள் அவ்வளவு குறைவு என்பதால், எழுதினால் எல்லோரையும் வீட்டு விலாசத்தோடு காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள். வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறிதான். கிளினிக்கில் தாதி அந்தப் பெயரைக் கூப்பிடும்போது நான் எழும்புவேன். அவர் எனக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார். நான் கையைத் தூக்குவேன்.

"ஓ! அழகான பெயர். கலியாணத்தால் வந்ததா?"

"இல்லை, அப்பாவால்."

அப்பாவுக்கு எப்படி வந்தது என்று அவர் கேட்கத் தொடங்கும் நேரம் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி என் கையை இறுக்கும். அழுத்தம் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

அப்பாவுக்கு எப்படி வந்தது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் பூட்டன் சின்ன வயதில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் சேர்க்கப்பட்டார். கடல் கடந்து யாரோ ஒருவர் அவருடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பினார். அனுப்பியவரின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்து ஏற்பாடு. பூட்டன் படித்து ஆசிரியரானார். பிறகு குடும்பம் மெல்ல மெல்லத் திரும்பவும் கோயிலுக்குப் போகத் தொடங்கியது. திருநீறு திரும்பி வந்தது, பெயர் திரும்பிப் போகவில்லை. அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்க அது உதவியதாகச் சொல்வார்கள்.

உதவும் என்பதை நான் மறுக்க மாட்டேன். எனக்கும் வேலைக்கான நேர்காணல்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. கதவைத் திறந்து என்னைக் கண்டதும் அவர்களுடைய புன்னகை ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றதும் உண்டு. வேலை கிடைத்தது. அது எனக்குக் கிடைத்ததா, பெயருக்குக் கிடைத்ததா என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. என் கணவரிடம் கேட்டேன். "சம்பளம் ஆருக்கு வருது?" என்று கேட்டார். அவர் அப்படித்தான்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் கடைசிப் பெயராகும், அந்தப் பிள்ளையின் பெயர் பேரனுக்கு. ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும். என் கணவரின் கடைசிப் பெயர் அவருடைய தகப்பனின் பெயர். எங்கள் மகளின் கடைசிப் பெயர் என் கணவரின் பெயர். நான் கலியாணத்துக்குப் பிறகு மாற்றவில்லை. கொள்கை எதுவும் இல்லை. பட்டச் சான்றிதழையும் மாற்ற வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன், வருடங்கள் போய்விட்டன. ஆகவே கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஸ்ரௌவ்வில்லில், எங்கள் ஒரு வீட்டுக்குள் மூன்று கடைசிப் பெயர்கள் இருக்கின்றன. அமெரிக்க எல்லையில் காரை நிறுத்தும் அதிகாரி எங்களை ஒரு குடும்பமாக ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுப்பார்.

சித்தப்பாவுக்கு நடந்ததும் இந்தப் பழக்கத்தால்தான். அவர் அகதியாக வந்து இறங்கிய அன்று, குடும்பப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டிருக்கிறார். வரிசையில் முன்னால் நின்ற எல்லோரும் தகப்பன் பெயரைச் சொன்னார்கள். சித்தப்பாவும் தகப்பன் பெயரைச் சொன்னார். பல தலைமுறையாக வந்த ஆங்கிலப் பெயர் அந்த மேசையோடு நின்றுவிட்டது. இன்றைக்கு ஒஷாவாவில் இருக்கும் அவருடைய மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் என் தாத்தாவின் பெயர்தான் கடைசிப் பெயர்.

"உன்னை ஆர் உந்தப் பேரைச் சொல்லச் சொன்னது?" என்று அப்பா இன்றைக்கும் கேட்பார்.

"அண்ணை, எல்லாரும் அப்பிடித்தானே சொன்னவை."

"எல்லாரும் சொன்னா?"

"நித்திரை கொண்டு ரெண்டு நாளண்ணை. எனக்கு என்ர பேரே ஞாபகம் இல்லை, நீங்கள் வெள்ளைக்காரன்ர பேரைக் கேக்கிறியள்."

அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அதனால் கனடாவில் அந்தப் பெயர் அப்பாவிடமும் என்னிடமும் மட்டும்தான் இருக்கிறது. மகள் பிறந்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அப்போது வருத்தமாய் ஆஸ்பத்திரியில் இருந்தார், யாருக்கும் பெயரைப் பற்றிப் பேச நேரமில்லை. இப்போது அம்மா இல்லை. அப்பா எங்களோடு இருக்கிறார், கையில் ரப்லெட் இருக்கிறது.

அந்த ரப்லெட்டில் இணையத்தைத் துழாவித்தான் அவர் இங்கிலாந்தில் ஓர் அம்மையாரைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் சிலர் ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, உலகத்தில் அதை வைத்திருப்பவர், வைத்திருந்து இறந்தவர் எல்லோரையும் தேடிப் பதிகிறார்கள். சம்பளம் இல்லை. எங்கள் பெயருக்கும் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. அப்பா அவருக்கு ஆங்கிலத்தில் எழுதினார்: "மதிப்புக்குரிய அம்மணி, நானும் உங்களில் ஒருவன்."

வீடியோவில் பேச நாள் குறித்தார்கள். அப்பா மேலே சேர்ட்டும் கீழே சாரமுமாக இருந்தார். நான் பக்கத்தில், தேவைப்பட்டால் மொழிபெயர்க்க. தேவைப்படவில்லை.

அம்மையார் எங்களுக்குப் பெயரின் வரலாற்றைச் சொன்னார். அது ஓர் இடத்தின் பெயராம். ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் ஈர நிலம் என்பது அர்த்தம். அந்த ஊர் இப்போது இல்லை. ஆடுகள் மட்டும் நிற்கின்றன. ஊரைவிட்டு முதலில் வெளியேறிய ஒருவரை அடுத்த ஊர்க்காரர் அவர் வந்த இடத்தை வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது என்றார். எல்லோரும் அந்த ஊர் என்றால், ஒருவரை மட்டும் ஏன் ஊர்ப் பெயரால் கூப்பிட வேண்டும்?

அப்பாவுக்கு இது மிகவும் பிடித்தது. "அப்ப இவையும் இடம்பெயர்ந்த ஆக்கள்தான், பிள்ளை," என்று என்னிடம் மெல்லச் சொன்னார்.

பிறகு அம்மையார், அந்தப் பெயர் உள்ளவர்களைக் குறித்த வரைபடத்தைத் திரையில் காட்டினார். இங்கிலாந்தில் இரண்டு கிராமங்களைச் சுற்றி வட்டங்கள், பஞ்சாலை இருந்த ஒரு பட்டணத்தில் சில, அவுஸ்திரேலியாவில் ஒன்று. வட்டம் பெரிதென்றால் ஆட்கள் அதிகம். உயிரோடு இருப்பவர்களுடையவை கறுப்பாகவும் இறந்தவர்களுடையவை சாம்பல் நிறத்திலும் இருந்தன. பெரும்பாலும் சாம்பல்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு வட்டம் இருந்தது. ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏறக்குறைய எங்கள் வீட்டுக் கராஜுக்கு மேலே, ஒரு புது வட்டம். இரண்டும் உள்ளே நிரப்பப்படவில்லை.

"ஏன் எங்களுடையது மட்டும் ஓட்டையாக இருக்கிறது?" என்று அப்பா கேட்டார். இவ்வளவு நேரடியாகக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை.

நிரப்பியது இரத்த வழி, நிரப்பாதது பெயர் வழி மட்டும் என்று அம்மையார் விளக்கினார். பூட்டனுக்குப் பணம் அனுப்பியவரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு விவசாயியின் கலியாணம் கட்டாத மகள். முதலில் அந்தப் பெயர் விடுதியில் ஒரு பெண்பிள்ளைக்குத்தான் கொடுக்கப்பட்டதாம். அவள் பள்ளியைவிட்டு ஓடிவிட்டாள். பெயர் சும்மா இருந்தபடியால் அடுத்து வந்த பையனுக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்பிள்ளையைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்தேன். வாசல் தாண்டியதும் பழைய பெயருக்குத் திரும்பியிருப்பாள்.

அப்பா ரப்லெட்டைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். பிறகு ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, "உங்களுடைய வட்டம் எது, அம்மணி?" என்று கேட்டார்.

"என்னுடையதா? நான் இதில் இல்லை," என்றார் அவர். "அது என் தாயின் பெயர். என் தாய் கலியாணம் செய்ததும் அவர் வட்டத்திலிருந்து வெளியே போய்விட்டார். நான் அதற்குப் பிறகு பிறந்தேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "பாவம் மனுசி. எங்களுக்கு ஓட்டையாவது இருக்கு."

அம்மையார் என் வயிற்றைக் கவனித்திருக்க வேண்டும். குழந்தைக்கு எந்தப் பெயர் என்று கேட்டார். நாங்கள் இன்னும் தீர்மானிக்கவில்லை என்றேன். அவர், சும்மா கேட்டேன் என்றார். தாய்மாமன் ஒருவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், அந்த இரண்டு கிராமங்களிலும் கடைசிக் கறுப்பு வட்டம் அவர்தான், பிள்ளைகள் இல்லை என்றார். அதையும் சும்மா சொன்னதாகச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா கேட்டேவிட்டார். "பிள்ளை, வாற பிள்ளைக்கு உன்ர பேரைப் போடலாமோ? சட்டத்திலை இடம் இருக்காம்."

"இருக்குது அப்பா. ஆனால் அக்காவுக்கு ஒண்டு, தம்பியோ தங்கச்சியோ வந்தால் இன்னொண்டு. பள்ளிக்கூடத்திலை கேப்பினம்."

மகளுக்கு ஏழு வயது. அவள் புட்டைக் கிண்டிக்கொண்டே, "பேபிக்கு வேற லாஸ்ட் நேம் எண்டால் நாங்கள் ஸேம் ஃபமிலி இல்லையா?" என்றாள்.

"ஸேம் ஃபமிலிதான் குஞ்சு," என்றார் அப்பா. "எனக்கும் உன்ர அப்பாவுக்கும் வேற வேற பேர். நான் உங்கட வீட்டிலை சாப்பிடுறன்தானே?"

"பட், யூ ஆர் ஓல்ட்."

அப்பா இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டுக்கொண்டார்.

அறைக்குள் போனதும் கணவரிடம், "உங்கட பேரை விட்டிட்டு என்ர பேரைப் போட்டால் உங்களுக்குக் கவலை இல்லையோ?" என்று கேட்டேன்.

"நீர் விரும்பினதைப் போடும். ஆனா ஒண்டு. என்ர பேரைப் பாத்தா ஃபோனிலை சாமான் விக்கிறவங்கள் வாசிக்கப் பயத்திலை வைச்சிடுறாங்கள். அந்தப் பாதுகாப்புப் பிள்ளைக்கு இருக்காது."

"பகிடி விடாதேங்கோ. உண்மையாச் சொல்லுங்கோ."

"உண்மையா எண்டால், மாமா கேக்கிறார் எண்டு போட்டால் பிறகு உமக்குக் கவலை. மாமா கேட்டும் போடாட்டிலும் உமக்குக் கவலை. நான் என்னத்தைச் சொல்ல?"

மற்ற நாள் காலை அப்பா, "அதை விடு பிள்ளை. நிரப்பாத பேர்தானே," என்றார். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. அவர் கேட்காமல் விட்ட பிறகுதான் எனக்கு நித்திரை போனது.

இரண்டும் சேர்ந்த பெயராக வைக்கலாம் என்று ஒரு சிநேகிதி சொன்னாள். எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு பெயரோடு ஒரு பிள்ளை முதலாம் வகுப்பில் அடையாள அட்டை குத்திக்கொண்டு நிற்பதை நினைத்தால் எனக்கே மூச்சு வாங்கியது.

டிசம்பர் கடைசியில், நத்தார் கழிந்து, அம்மையாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவருடைய மாமன் இறந்துவிட்டார். அமைதியாகப் போனார், மழை நிற்கவில்லை, அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் இல்லை என்று எழுதியிருந்தார். புதிய வரைபடம் இணைக்கப்பட்டிருந்தது. இரண்டு கிராமங்களிலும் சாம்பல் மட்டும். உயிரோடு இருக்கும் வட்டங்களில் பெரியது யாழ்ப்பாணம். அடுத்தது எங்கள் கராஜ்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். அழுவாரோ என்று பயந்து தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் தயாராக இருந்தார்.

"நான் சொல்லுறன், நீ எழுது. அனுதாபத்தை முதலிலை போடு. பிறகு, பொம்பிளைப் பிள்ளையளையும் அவையின்ர பிள்ளையளையும் படத்திலை போடச் சொல்லு. தன்னைப் போடாமல் மற்ற ஆக்களை மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறது என்ன வேலை?"

எழுதினேன். 'என்ன வேலை' என்பதைக் கொஞ்சம் மென்மையாக்கினேன். பிறகு அதிகம் மென்மையாக்கிவிட்டேனோ என்று பயந்து திருத்தினேன்.

அடுத்த நாளே பதில் வந்தது. பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்தால் அந்த மாவட்டமே கறுப்பாகிவிடும், வரைபடத்தில் தெருக்கள்கூடத் தெரியாது, ஆனாலும் யோசித்துப் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், அப்படிச் சேர்த்தால் உங்கள் பேத்தியும் உள்ளே வருவாள், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார்.

அப்பா உடனே, "ஓம் எண்டு எழுது," என்றார். "குஞ்சு, நீயும் படத்திலை இருக்கிறாய்!"

"ஈஸ் த பேபி இன் இட்?" என்றாள் மகள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனி தள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் குழப்பம் இப்போதுதான் கூடியிருக்கிறது. அம்மையார் படத்தை மாற்றினால், பெயர் இல்லாமலே மகள் உள்ளே இருக்கிறாள். அப்படியென்றால் குழந்தைக்கும் பெயர் தேவையில்லை. ஆனால் எல்லோரும் இப்படி நினைத்தால் படம் கறுப்பாக இருக்கும், பெயர் யாரிடமும் இருக்காது. பெயரைப் போட்டால், ஆட்டுப் பட்டிக்குப் பக்கத்து ஈர நிலத்தை, அதைக் கண்ணால் காணாத ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்கக் கிளினிக்குகளில் விளங்கப்படுத்த வேண்டும். நான் விளங்கப்படுத்தியதில்லை. அதற்குள் அழுத்தம் பார்த்து முடித்துவிடுவார்கள்.

குழந்தை பிறந்ததும் கடைசிப் பெயரைப் பதிய வேண்டும். கணவர் இணையப் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குள் நான் சொல்வதைத் தட்டச்சுச் செய்வார். அப்பா பக்கத்து அறையில் இருப்பார், ரப்லெட்டைச் சத்தம் இல்லாமல் வைத்துக்கொண்டு.

இதை வாசிக்கும் தாய்மார், குறிப்பாக ஒரே வீட்டில் பல கடைசிப் பெயர்களோடு பிள்ளை வளர்த்தவர்கள், தயவுசெய்து எழுதுங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு பெயர் இருந்தால் பிள்ளைகள் உண்மையில் கவலைப்படுவார்களா, அல்லது கவலைப்படுவது நாங்கள் மட்டும்தானா? தகப்பனுக்காக வைத்த பெயரை, தகப்பன் போன பிறகும் பிள்ளை சந்தோசமாகச் சுமந்ததைக் கண்டிருக்கிறீர்களா? இல்லை என்றாலும் சொல்லுங்கள். பெப்ரவரி நடுப்பகுதிக்குள் எழுதினால் நல்லது. என் முதல் பிள்ளை குறித்த நாளுக்கு முந்தியே பிறந்தவள்.